சொறிக்கு மருந்து

ஒரு மனிதனுடைய வலது கண் கெட்டுப்போனதற்கு நான் காரணம். அவரை நான் அடிக்கவில்லை, தொடவும் இல்லை. அவர் சொன்ன ஒரு சொல்லை, அதன் பொருள் நன்றாகத் தெரிந்திருந்தும், வேண்டுமென்றே பிழையாக ஆங்கிலத்தில் சொன்னேன். அதன்பின் உண்மையைச் சொல்ல எனக்கு வாய்த்த சந்தர்ப்பங்களையெல்லாம் வாயை மூடிக்கொண்டு கழித்தேன்.

இதை எழுத இவ்வளவு காலம் சென்றதற்கு வெட்கம் ஒரு காரணம். எரிச்சல் இன்னொன்று. யாரிடம் சொன்னாலும் பாதியில் சிரித்துவிடுகிறார்கள். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்னுடன் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர், “நல்ல பகிடி ஐசே, இதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லயில்ல?” என்று முதுகில் தட்டினார். கண்ணைப் பற்றிய பகுதிக்கு நான் வருவதற்குள் அவர்களுடைய காது மூடிவிடுகிறது. ஆகவே இந்தத் தடவை கண்ணை முதலில் சொல்லிவிட்டேன். இனிமேல் சிரிப்பவர்கள் தெரிந்துகொண்டே சிரிக்கட்டும்.

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் வாவியை யாரும் வாவி என்பதில்லை, ஆறு என்றுதான் சொல்வோம். அந்த ஆற்றுக்கு மேற்கே, படுவான்கரையில், கண்ணுக்கெட்டிய தூரம் வயல். கிழக்கே மணல், அப்பால் கடல். கோடையில் கடல் மணலை அள்ளிக்கொண்டு வந்து ஆற்றின் வாயை அடைத்துவிடும். மாரி பிறந்ததும் காட்டுவெள்ளமும் குளத்து வெள்ளமும் ஆற்றுக்குள் இறங்கும். போக வழியில்லாமல் ஆறு வீங்கும். பள்ளத்தில் இருக்கும் வட்டைகளுக்குள், அதாவது தாழ்ந்த வயல்வெளிகளுக்குள், தண்ணீர் ஏறும். அப்போது ஆட்கள் மண்வெட்டியோடு போய் அந்த மணல் திட்டை வெட்டி வாயைத் திறக்க வேண்டும். இதற்கு அரசாங்க உத்தரவு வேண்டும். எப்போது வெட்டுவது என்பதில் வருடந்தோறும் வயல்காரருக்கும் வலைக்காரருக்கும் சண்டை. வயல்காரருக்கு இன்றைக்கே வெட்ட வேண்டும். வலைக்காரருக்கும் வெட்டத்தான் வேண்டும், ஆனால் ஆறு நிறைந்து முட்டிய பிறகு.

வலைக்காரர் சொன்னதற்குக் காரணம் சொறி. கடலில் மிதந்து திரிகிற, நுங்கைப் பெரிதாக்கிக் கவிழ்த்து வைத்தது போன்ற அந்தப் பிராணியைத்தான் சொல்கிறேன். எலும்பில்லை, மூளையில்லை. நீந்துகிற மாதிரி உடம்பைச் சுருக்கி விரிக்கும், ஆனால் ஓட்டத்தை எதிர்த்துப் போகத் தெரியாது. தண்ணீர் எங்கே கொண்டுபோகிறதோ அங்கே போகும். கீழே தொங்குகிற நூல்கள் பட்டால் தோல் தீப்பட்டது போல எரியும், பிறகு தடித்துக்கொண்டு அரிக்கும். அதனால்தான் அதற்குச் சொறி என்று பெயர்.

ஆறு நிறைந்திருக்கும்போது வாயை வெட்டினால் மண்ணிறத் தண்ணீர் ஒரே பாய்ச்சலாகக் கடலுக்குள் போகும். நன்னீர் லேசானது, உப்புநீருக்கு மேலே பாய் விரித்தது போலப் பரவும். சொறிக்கு அந்தத் தண்ணீர் ஆகாது, உடம்பு ஊதி இளகிப்போகும். ஆகவே அது வெளியிலேயே நிற்கும். மண்ணிறமும் நீலமும் முட்டுகிற இடத்தில் நுரை ஒரு கோடாகக் கிடக்கும். அந்தக் கோட்டில் சொறியும் கடற்பாசியும் மீன்முட்டையும் பொடிமீனும், நீச்சல் தெரியாமல் மிதக்கிற சகலமும் ஒதுங்கி நிற்கும். வயலுக்கு வரம்பு இருப்பது போலக் கடலுக்கும் இது வரம்பு என்று வலைக்காரர் அதை வரம்பு என்றே சொல்வார்கள். ஆற்றின் ஓட்டம் பலமாக இருந்தால் வரம்பு தூரத்தில் நிற்கும். அரைகுறையாக இருக்கும்போது வெட்டினால் ஓட்டம் சோர்ந்து, வரம்பு கரைக்கு வந்து, வாயால் உள்ளே நுழைந்துவிடும். மாரி முடிந்து ஓட்டம் மெதுவாக இளகுகிறபோது கடல் நீரோடு இறால் குஞ்சுகள் உள்ளே மிதந்து வரவேண்டும். அது வலைக்காரருக்குப் பிழைப்பு. சொறி முந்திக்கொண்டு வந்தால் அது நாசம்.

இது ஏதோ மறைபொருள் என்று யாரும் நினைக்க வேண்டாம். வலைக்காரருக்குத் தெரியும், வயல்காரருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் சொறியின் ஆங்கிலப் பெயரையும் படித்திருக்கிறேன், படம் வரைந்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அதற்கு முன்பே, பத்து வயதில், கழுத்தில் அதைச் சுற்றிக்கொண்டு கத்தியும் இருக்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

முப்பதுகளின் நடுவில் நான் பட்டணத்தில் அரசாங்கக் கந்தோரில் இளம் கிளாக்கர். என் அக்காவின் புருஷன் படுவான்கரையில் ஒரு போடியார், நிறைய வயலுக்குச் சொந்தக்காரர். அவருடைய நெல்லைச் சாப்பிட்டுத்தான் நான் படித்தேன். அந்த மாரியில் முதல் மழை விழுந்து நின்றுவிட்டது. ஆறு கொஞ்சம் ஏறி, அவருடைய பள்ள வட்டையில் இளம்பயிரின் கழுத்தளவுக்கு நின்றது. உடனே போடிமார் எல்லாரும் கூடி, வாயை வெட்டித் தாருங்கள் என்று எங்கள் பகுதியை நிர்வகித்த வெள்ளைக்காரத் துரையிடம் போனார்கள். வலைக்காரரும் போனார்கள். துரை இரண்டு பக்கத்தையும் ஆற்றுவாயிலேயே வைத்து விசாரிப்பதாகச் சொன்னார். வழக்கமாக மொழிபெயர்க்கிற பெரியவருக்குக் காய்ச்சல். என்னை அனுப்பினார்கள்.

“மச்சான், ரெண்டு சொல்லு நம்மட பக்கமாப் போட்டுச் சொல்லிரு,” என்றார் அத்தான் முதல் நாள். “பொய் சொல்லச் சொல்லல்ல கா. சாடையா.”

நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருப்பது நேர்மை என்று அந்த வயதில் நினைத்திருந்தேன்.

மணல் திட்டில் துரை தொப்பியோடு ஒரு மடக்குக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். காற்று. மணல் அவருடைய வாய்க்குள்ளும் போயிருக்க வேண்டும், ஏற்கெனவே முகம் கடுகடுவென்று இருந்தது. ஒரு பக்கம் போடிமார் குடையோடு, மறு பக்கம் வலைக்காரர். வலைக்காரர் பக்கத்தில் பேச வந்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்க நெடிய மனிதர். ஆற்றுவாய்க் குடியிருப்பில் மணல் மேட்டில் ஏறி நின்று கடலைப் பார்த்து, எப்போது தோணி இறக்குவது, எங்கே வலை போடுவது என்று சொல்கிறவர் அவர்தான். வரம்பு எங்கே நிற்கிறது என்பதை அவர் கண் சொல்லும். பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் அந்தக் கண்ணை நம்பித்தான் தோணி இறக்கின. அவருக்குக் கோபமும் அதிகம், வாயும் அதிகம். சொறி கடல் நுரையில் பிறக்கிறது என்று சத்தியம் செய்கிறவர்.

“கிளாக்கரையா, துரைட்ட இதச் சொல்லுங்க,” என்று தொடங்கினார். “இப்ப வெட்டினா ஆத்தில தள்ளுறதுக்குத் தண்ணி காணாது. சொறி வரும். சொறி வந்தா எங்களுக்கு இந்த வருசம் ஒண்டுமில்ல. வல போகும், இறால் போகும், எல்லாம் போகும். இன்னொரு மழ பெய்யட்டும், மறுகா வெட்டுங்க, நாங்களே மம்பட்டியோட வாறம்.”

நான் வாயைத் திறப்பதற்குள் போடிமார் பக்கத்திலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்.

“சொறி வந்தா என்ன கா? சொறிஞ்சித்து இரி!”

போடிமார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முல்லைக்காரர், அதாவது அவர்களுடைய வயல் மேற்பார்வைக்காரர், ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். வலைக்காரர் பக்கத்திலும் இரண்டு பேர் சிரிப்பை அடக்கினார்கள். துரை என்னைப் பார்த்து, என்ன சிரிப்பு, அந்த மனிதன் என்ன சொல்கிறான் என்று கேட்டார்.

அத்தானின் வயலுக்காகத்தான் செய்தேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதிப் பொய். அந்த நிமிடம் எனக்கு வயல் ஞாபகத்தில் இல்லை. எல்லாரும் சிரிக்கிறார்கள், துரை மட்டும் சிரிக்கவில்லை. அவரையும் சிரிக்க வைக்க வேண்டும் என்று ஆசை வந்தது. அவ்வளவுதான். நான் சொன்னேன்: வாயை வெட்டினால் தங்களுக்குச் சொறிசிரங்கு வரும் என்று இவர்கள் அஞ்சுகிறார்கள், ஐயா.

துரை சிரித்தார். தலையைப் பின்னால் சாய்த்து, நிறையச் சிரித்தார். பிறகு, கெட்ட மனிதர் அல்ல அவர், முகத்தைச் சரிசெய்துகொண்டு, அதற்காக ஒரு மாகாணத்தின் நெல்லை மூழ்க விட முடியாது, ஆனால் அவர்களுக்கு மருந்து அனுப்புகிறேன் என்று சொல் என்றார். நான் வலைக்காரரிடம் திரும்பி, “துரை யோசிச்சுத்தான் முடிவெடுத்திருக்கார். நாளைக்கு வெட்டு. உங்களுக்கு மருந்து அனுப்புவார்,” என்றேன். “என்ன மருந்து?” என்றார் அவர். எனக்குக் கேட்காதது போல, துரை எழுந்துபோன கதிரையை நான் மடக்கத் தொடங்கினேன்.

மறுநாள் வாயை வெட்டினார்கள். அதற்கு மறுநாள் துரை மறக்காமல் ஒரு பெட்டி கந்தகக் களிம்பை எடுத்து வைத்தார். கொண்டுபோன பியோன் படிக்கட்டில் நின்று என்னைக் கேட்டான்.

“இதென்னத்துக்கு ஐயா எண்டு கேட்டா என்ன சொல்லுற?”

“சொறிக்கு மருந்து எண்டு சொல்லு,” என்றேன். இதைச் சொல்லும்போதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என்னை நானே ஒரு அறை அறைய வேண்டும் போல இருக்கிறது.

வெட்டிய வாயால் தண்ணீர் நான்கைந்து நாள் ஓடியது. வட்டையில் ஒரு சாண் வடிந்தது. மழை வரவில்லை. ஓட்டம் சோர்ந்தது. பிறகு வாடைக்காற்று கடலைக் கரைக்குத் தள்ள, கடல் ஏறும்போதெல்லாம் உப்புநீர் உள்ளே வந்தது, சொறியும் வந்தது. பட்டணத்துப் பாலத்தில் நின்று குனிந்து பார்த்தால் அடியில் அவை வெள்ளை வெள்ளையாக, அவசரமே இல்லாமல், மேற்கே போய்க்கொண்டிருந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கல்லெறிந்தார்கள். நான் குடையை விரித்துக்கொண்டு மறுபக்கமாக நடந்தேன்.

அந்த நாட்களில்தான் அந்த வலைக்காரர் கந்தோருக்கு வந்தார். என்னைத் திட்ட வருகிறார் என்று நினைத்தேன். கையில் பனையோலைக் குட்டான் நிறைய இறால். வாய் அடைபட்டிருந்தபோது பிடித்து உலர்த்தியது.

“கிளாக்கரையா, வெட்டினது வெட்டினதுதான், அதில எனக்குக் கோவம் இரிக்கி,” என்றார். “ஆனா துரை எங்கட பேச்சக் கேட்டிரிக்கார் எண்டு இப்பதான் விளங்கிச்சி. சொறி வரும் எண்டு சொன்னம், சொறிக்கு மருந்தே அனுப்பியிரிக்கார். நீங்க நல்ல வடிவாச் சொல்லிக் குடுத்திரிக்கீங்க. இத வெச்சிக்குங்க.”

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ‘அது வேறு சொறிக்கு, அதைக் கடற்சொறிக்குப் போட வேண்டாம்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூச்சு. பக்கத்து மேசைகளில் மூன்று கிளாக்கர்கள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். நான் இறாலை வாங்கிக்கொண்டேன். அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன், அவள் சொதி வைத்தாள். அத்தானும் சாப்பிட்டார்.

கண்ணின் கதையைப் பியோன்தான் வந்து சொன்னான். ஆற்றுக்குள் போட்ட வலையை இழுத்திருக்கிறார்கள். மீனில்லை, முழுக்கச் சொறி. நூல்வலை அந்தப் பாரத்தைத் தாங்காது, கிழிய விட்டால் போச்சு, அவருடைய மனைவியும் மகளும் கோடை முழுக்க உட்கார்ந்து முடிந்த வலை. ஆகவே இடுப்பளவு தண்ணீரில் நின்று வலையை உதறி உதறிச் சொறியைக் கொட்டியிருக்கிறார்கள். உதறும்போது அதன் குழம்பு தெறித்து அவருடைய வலது கண்ணில் விழுந்தது. இப்படித் தெறிப்பது புதிதல்ல. வழக்கமாக நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, துணியைக் கட்டிக்கொண்டு படுப்பார்கள், இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். இந்த முறை வீட்டில் அரசாங்க மருந்து இருந்தது. சொறிக்கு மருந்து. கண்ணுக்குள் அப்பி, எரிகிறது என்று அவர் கத்தியபோது, மருந்து வேலை செய்கிறது என்று இன்னும் கொஞ்சம் அப்பியிருக்கிறார்கள்.

கண்ணில் பூ விழுந்துவிட்டது.

“நல்ல மருந்துதான், சணங்கிப் போட்டதாலதான் கேக்கல்ல எண்டு சொல்லுறாங்க ஐயா,” என்றான் பியோன்.

சணங்கி என்றால் தாமதித்து. தாமதித்துப் போட்டார்களாம்! அவர்கள் தங்களைத்தான் நொந்துகொண்டார்கள்.

இதற்குள் பெருமழை வந்தது. ஒரே வாரத்தில் ஆறு முழுக்க நன்னீரானது. உள்ளே வந்த சொறியெல்லாம் ஊதிச் செத்துக் கரையில் ஒதுங்கி நாறியது. பட்டணத்துக் கனவான்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சுகாதாரத்தைப் பற்றி மனு எழுதினார்கள். அத்தானின் வட்டையோ, இடையில் ஏறிய உப்பினால் ஒரு மூலை கருகியிருந்தது. வாயை வெட்டச் சொன்னவரே அவர்தான். “இந்த வலக்காரனுகள் என்னமோ செய்திட்டானுகள்” என்றார். அவருக்கு விளக்கிச் சொல்ல நான் எடுத்த முயற்சியில் என் தொண்டைதான் காய்ந்தது. கடல் நீர் மேட்டுக்கு ஏறாது என்றார். ஏறியிருக்கிறதே என்றேன். அதைத்தான் நானும் சொல்கிறேன், அவனுகள் ஏற்றிவிட்டானுகள் என்றார்.

நான் பல வருடம் சும்மா இருந்தேன். அந்த வலைக்காரரைச் சந்தையில் கண்டால் வேறு தெருவால் போனேன். ஒரு கண்ணோடும் தோணியில் போனார். ஆனால் மணல் மேட்டில் ஏறி நின்று வரம்பைப் பார்த்துச் சொல்கிற வேலை வேறொருவருக்குப் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். தூரமும் நிறமும் அவருக்கு முன்போலப் பிடிபடவில்லை. அவர் சொன்ன இடத்தில் இரண்டு தரம் வலை போட்டு இரண்டு தரமும் சொறியை அள்ளினார்களாம். குடியிருப்பில் அவரை “ஒத்தக்கண் வரம்பு” என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். அதைக் கேட்ட பிறகுதான் நான் அவரிடம் போனேன்.

கொழும்பில் ஒரு கண் வைத்தியர் பூவை எடுக்கிறார் என்று கேள்வி, ரயிலில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். ஏன் என்று கேட்டார். மனசு கேட்கவில்லை என்றேன். அது உண்மை, ஆனால் உண்மை முழுவதும் அல்ல. வந்தார். வைத்தியர் பார்த்துவிட்டு, தழும்பு ஆழம், கத்தி வைத்தால் உள்ளதும் போகும், முதல் நாளே சுத்தமான தண்ணீரால் கழுவி விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிராது என்றார். இதையும் நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. இந்த முறை ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

திரும்பி வரும்போது மன்னம்பிட்டிப் பாலத்தில் ரயில் மெதுவாகப் போனது. கீழே மகாவலி கலங்கி, மரங்களை இழுத்துக்கொண்டு ஓடியது. அவர் யன்னலால் தலையை நீட்டி, நல்ல கண்ணைத் திருப்பிப் பார்த்தார்.

“இந்தத் தண்ணி எங்க போய் விழுது ஐயா?”

“கொட்டியாரத்தில. திருகோணமலப் பக்கம்.”

“அப்ப அங்க இப்ப சொறி வெகு தூரத்தில நிக்கும்,” என்றார். சந்தோஷமாகச் சொன்னார்.

நான் சொல்லிவிட்டேன். மணல் திட்டு, துரையின் கேள்வி, என் பதில், களிம்புப் பெட்டி, பியோனிடம் சொன்னது, இறாலை வாங்கியது, எல்லாவற்றையும். முடித்த பிறகு அவர் கேட்டார்.

“இங்கிலீசில சொறிக்கு வேற பேரா?”

“ரெண்டுக்கும் ரெண்டு பேர் இரிக்கி.”

“ரெண்டும் உங்களுக்குத் தெரியுமா?”

“ஓம்.”

“எங்களுக்கு ஒரு பேர்தானே இரிக்கி,” என்றார். “நாங்க என்ன செய்யிற?”

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் வெற்றிலைப் பையை எடுத்துக்கொண்டு எழுந்து, பெட்டியின் அடுத்த கோடியில், ஒரு கிழவியின் கோழிக்கூடைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். மட்டக்களப்பில் இறங்கும்போது என்னைப் பார்க்கவில்லை.

அடுத்த மாரியில் மறுபடியும் அதே மணல், அதே குடைகள், புதிய துரை. இவர் இளையவர். வழக்கமான பெரியவர் இறந்துபோயிருந்ததால் நான்தான் நிரந்தர மொழிபெயர்ப்பாளன். விசாரணை தொடங்குமுன் வலைக்காரர் பக்கத்திலிருந்து அவரே முன்னுக்கு வந்து, இந்த ஐயா எங்களுக்கு வேண்டாம் என்றார். தங்கள் ஆளைக் கொண்டுவந்திருந்தார்கள். காத்தான்குடியைச் சேர்ந்த ஒரு புடவை வியாபாரி, கொழும்பில் கடை வைத்திருந்தவர், சந்தை ஆங்கிலம் தெரியும். துரை ஆச்சரியப்பட்டு, உன் மேல் என்ன குறை என்று என்னைக் கேட்டார்.

நான் செய்ததை ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு திரும்பி, போடிமாரும் வலைக்காரரும் கேட்க, அதையே தமிழிலும் உரத்துச் சொன்னேன். இதுதான் என்னால் முடிந்த பரிகாரம் என்று நினைத்திருந்தேன். பல இரவு மனதில் ஒத்திகை பார்த்த வார்த்தைகள்.

போடிமார் சிரித்தார்கள். “சொறிக்கு மருந்து!” என்று ஒருவர் சொல்ல, பின்னால் நின்றவர்களுக்கு இன்னொருவர் எடுத்துச் சொல்ல, சிரிப்பு திட்டு முழுக்கப் பரவியது. வலைக்காரர் பக்கத்திலும் இளைஞர்கள் சிரித்தார்கள். நான் “கண்! அந்த மனிசன்ட கண்!” என்று கத்தினேன். என் குரல் அவிந்துபோனது. சிரிக்காதவர் இருவர்தான். ஒருவர் அவர். மற்றவர் அத்தான், அவருடைய முகம் கறுத்துப்போயிருந்தது. துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பிறகு புடவை வியாபாரி மொழிபெயர்த்தார். சொறி என்ற இடம் வந்ததும் அவருக்கு ஆங்கிலப் பெயர் தெரியவில்லை. “சேர், வாட்டர் பிஷ், நோ பிஷ்,” என்று தொடங்கி வேர்த்துப்போனார். எனக்கு நுனி நாக்கில் அந்தப் பெயர் நிற்கிறது, சொல்ல எனக்கு உரிமையில்லை. வலைக்காரர் இதை எதிர்பார்த்திருந்தார். கையைக் காட்டினார். இருவர் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து துரையின் காலடியில் வைத்தார்கள். கடல் நீருக்குள் உயிரோடு ஒரு சொறி.

துரை ஆவலோடு குனிந்து விரலை நீட்டினார். “தொடாத! தொடாத!” என்று திட்டு முழுக்க அலறியது. துரை திடுக்கிட்டு நிமிர்ந்தார். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அதன் ஆங்கிலப் பெயரையும் அவரே சொன்னார், தம் ஊரிலும் உண்டு என்றார். அதன்பின் பேச்சு இலகுவாகப் போனது. இன்னொரு மழைக்குப் பொறுக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

மழை பொறுத்து வந்தது. ஆறு முட்டியதும் வெட்டினார்கள், மண்ணிறத் தண்ணீர் கடலில் வெகுதூரம் போனது. சொறி உள்ளே வரவில்லை. அதுவரை தண்ணீர் நின்றதில் அத்தானின் பள்ள வட்டை ஒரு மூலை மிச்சமில்லாமல் அழுகிப்போனது. மொழிபெயர்ப்பு வேலையிலிருந்து என்னை எடுத்து, முத்திரை விற்கிற யன்னலில் உட்கார வைத்தார்கள். ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தேன். அக்கா என்னோடு பேசினாள், ஆனால் அந்த வீட்டில் எனக்கு இலை போடுவது நின்றுபோனது. இதையெல்லாம் முறையீடாகச் சொல்லவில்லை. எனக்கு வரவேண்டியதுதான். அழுகிய நெல்லுக்கு நான் யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று மட்டும் இன்றுவரை தெரியவில்லை.

அந்த வலைக்காரர் என்னை மன்னிக்கவில்லை. என்னோடு பேசுவதில்லை என்றும் இல்லை. உலகச் சண்டைக் காலத்தில் பட்டணத்துச் சந்தையில் அவரும் மகளும் இறால் விற்றார்கள். நான் போய் நின்றால் என் முகத்தைப் பார்க்க மாட்டார், மகளைப் பார்த்துத்தான் சொல்வார். நான் ஒரு முழம் தள்ளி நிற்கிறேன், அவர் சொல்வது ஒவ்வொன்றும் என் காதில் விழுகிறது. ஆனாலும் மகள் என் பக்கம் திரும்பி அதை மறுபடி சொல்ல வேண்டும். அவள் வாயாடி.

“புள்ள, ஐயாட்ட சொல்லு, இண்டைக்கு இறால் சின்னன், வாங்க வேணாமெண்டு.”

“ஐயா, அப்பா சொல்லுறார், இறால் நல்ல பெரிசாம், ரெண்டு பங்கு எடுக்கட்டாம்.”

அவர் வெற்றிலையை மென்றுகொண்டு ஆற்றைப் பார்ப்பார். திருத்த மாட்டார். நான் இரண்டு பங்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவேன்.